துண்டுக்கு அடியில்

போச்சம்பள்ளி சந்தையில் ஞாயிற்றுக்கிழமை காலை
எஸ்தோனியாவிலிருந்து வந்த மாரித்
ஒரு கிடா வாங்கினாள்.
வாங்கியது அவளுக்குத் தெரியாது.

படம் எடுக்கத்தான் போயிருந்தோம்.
வாரச் சந்தைகளில் விலை நிர்ணயம், அவளுடைய செமஸ்டர் ப்ராஜெக்ட்.
மொழிபெயர்ப்பு நான்,
ஹாஸ்டலில் ஒரே அறை என்பதால் தலையில் விழுந்த வேலை.
மத்தூர் வேடியப்பன் தோளில் கிடந்த துண்டை உதறிக்
கைமேல் போட்டு அவள் பக்கம் நீட்டினார்.
நீட்டிய கையை விடுவது அவள் ஊரில் மரியாதைக் குறைவாம்.
உள்ளே விட்டாள் கையை.
ஐந்து விரலையும் சேர்த்து ஒரே பிடி, இரண்டு குலுக்கு,
அவள் அப்பா பழக்கியபடி அழுத்தமாக, கண்ணைப் பார்த்து.

ஐயாயிரத்து ஐந்நூறு, என்றார் அவர்.
முடிஞ்சிது, என்றார் தரகர்.
கயிறு அவள் கைக்கு வந்துவிட்டது.

அண்ணா, இவங்க யாபாரத்துக்கு வரல,
வணக்கம் சொன்னாங்க, அவ்ளோதான்.
"வணக்கத்த துண்டுக்குள்ளயா சொல்லுவாங்க?"
சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.
"பேசுன வெலைய மாத்திக்கிட்டா
அடுத்த வாரம் என் துண்டுக்குள்ள எவன் கைய விடுவான்?"
இது ஆங்கிலத்துக்குப் போனபோது
'அவர் கோபமாக இருக்கிறார்' என்று சுருங்கிவிட்டது.
மாரித் காதுவரை சிவந்து பர்ஸைத் திறந்தாள்.

பணத்தை எண்ணி மடித்தவர் கேட்டார்,
புள்ள பேரு என்ன?
மாரி, என்றேன்.
ஹாஸ்டலில் எல்லாருக்கும் மாரிதான்,
கடைசி எழுத்து வாட்ச்மேன் நாக்கில் முதல் நாளே உதிர்ந்துபோனது.
மாரியா!
ஆட்டைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.
மடித்ததிலிருந்து ஓர் ஐந்நூறை உருவி
இரண்டு கையாலும் நீட்டினார்.
"ஆத்தாளுக்கு என் பங்கு. நல்லபடியா வெட்டுங்க."

என்ன சொல்கிறார், என்றாள்.
தள்ளுபடி, என்றேன்.

பாலைக்கூடத் தொடாதவள் அவள்.
எட்டு வாரமாக மெஸ்ஸில் வரடீயும் வேர்க்கடலையும்.
வேறென்ன சொல்லியிருக்கலாம் என்று,
ஆட்டை இறக்கினால்தான் விசில் என்று கண்டக்டர் நின்ற
அந்தக் கால்மணி நேரமும் யோசித்தேன்.
இன்னும் யோசிக்கிறேன்.

ஜெனரேட்டர் ஷெட்டுக்குப் பின்னால் நாலு மாதம் வளர்ந்தது.
புங்கந்தழை, முட்டைகோஸ் தோல்,
வார்டனின் மெமோ ஒன்று (அதையும் தின்றது).
ஊருக்குக் கிளம்பிய அன்று கயிற்றை என்னிடம் கொடுத்து
"பாத்துக்கோ," என்றாள்.
அதற்குள் தமிழ் வந்திருந்தது அவளுக்கு.
பாத்துக்கறேன், என்றேன்.
வேப்பனப்பள்ளியில், எங்கள் வீட்டில்,
ஆட்டைப் பார்த்துக்கொள்வது என்றால்
சித்திரை வரைக்கும்.

பண்டிகை அன்று வீடியோ காலில் வந்தாள்.
அவள் ஜன்னலுக்கு வெளியே இன்னும் பனி.
இங்கே இரண்டாம் பந்தி.
"ஆடு எப்படி இருக்கு?"
நான் வாய் திறக்கவில்லை.
எனக்குப் பின்னால் இலையில் உட்கார்ந்திருந்த அம்மா
பக்கத்து இலை நாகவேணி கேட்டதற்கு
"பாகுந்தி, பாகுந்தி" என்றாள்.
வீட்டில் எங்களுக்குத் தெலுங்கு. மாரித்துக்கு அது எட்டாத மொழி.
"அம்மா என்ன சொல்றாங்க?"
நல்லா இருக்காம்.

ஓர் எழுத்துகூடப் பிழையில்லாத மொழிபெயர்ப்பு,
என் வாழ்க்கையில் அது ஒன்றுதான்.
"சந்தோஷம்," என்றாள்.
ஐந்து விரலும் விரியக் கை ஆட்டினாள்.

ஆகஸ்டில் நான் அங்கே போகிறேன், ஒரு செமஸ்டர்.
ஏர்போர்ட்டுக்கு அவள் அப்பா வருவாராம்.
அழுத்தமாக, இரண்டு குலுக்கு. அது தெரியும் எனக்கு.
பிறகு அவர் நீளமாக ஏதோ சொல்வார்.
மாரித் ஒற்றைச் சொல்லில் எனக்குச் சொல்வாள்.
தலையாட்டுவேன்.